பயணத்தில் படிக்க நியாயமான அளவு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவள் என் அத்தை. ஏற்றிவிட்டவள் நான். இதை நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவரிடம், ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசி போட்டு ஈறு மரத்துப்போகும்வரை டாக்டரிடம்கூட. நான் வாயைத் திறந்தாலே என் தம்பி "ஆரம்பிச்சுட்டா" என்று எழுந்து போய்விடுவான். போகட்டும். அன்றைக்கு அவனுக்கு ஐந்து வயது. வேனில் வாந்தி எடுத்ததைத் தவிர அவன் செய்த காரியம் ஒன்றும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி, மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. அந்தத் தெருவில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். அத்தைதான் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தஞ்சாவூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருடம் நர்சிங் படித்தாள். படித்து முடித்து இரண்டு வருடமாகியும் சொல்லிக்கொள்கிற மாதிரி வேலை அமையவில்லை. எங்கே போனாலும் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று அவள் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு வந்தாள். அப்புறம் ஒரு ஏஜென்ட் மூலம் வளைகுடாவுக்கு விசா வந்தது.

"ஆஸ்பத்திரி வேலைதான் அண்ணே. ஆனா போன பிற்பாடு அங்க ஒரு பரீட்சை எழுதணும். அதுல தேறினாத்தான் நிரந்தரம்" என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். அதற்காக அவளுடைய படிப்புப் புத்தகங்களில் பெரியவை இரண்டும் கூடவே போயாக வேண்டும். ஒன்று நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றியது, இன்னொன்று பிரசவம் பார்ப்பது பற்றியது. இரண்டும் ஆங்கிலம். ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கம். தூக்கித் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவற்றில் அவள் பென்சிலால் கோடு போடாத பக்கம் கிடையாது.

இனி அப்பா. அப்பா ஒரு ரைஸ் மில்லில் எடை போடுகிறவர். நெல் மூட்டை வந்தால் தராசில் ஏற்றி, எடையைக் கூவி, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து, சுத்த எடையைச் சொல்ல வேண்டும். சாக்கைக் கழிக்காமல் எடை சொல்கிறவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அப்பாவின் எடையை விவசாயியும் ஒத்துக்கொள்வார், முதலாளியும் ஒத்துக்கொள்வார். இந்த உலகத்தில் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வைத்த ஒரே ஆள் தானே என்று அப்பாவுக்கு ஒரு கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான்.

டிக்கெட்டில் பெட்டி இருபது கிலோ என்று போட்டிருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கும்பகோணத்தில் போய்க் கல் மாதிரி ஒரு சூட்கேஸ் வாங்கிவந்தார். அப்பா அதைக் காலியாக மில்லுக்குத் தூக்கிக்கொண்டுபோய் எடை போட்டார். ஐந்து கிலோ. அப்புறம் அதில் சாமான் நிரப்பி மறுபடி போட்டார். இருபத்தைந்து. "பெட்டிக்கு அஞ்சு கழிச்சா இருபது. சுத்தம்!" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. நெல் என்றால் சாக்கு, துணி என்றால் பெட்டி, கழித்துத்தானே ஆக வேண்டும்.

அந்த இருபதில் அத்தையின் சொந்தச் சாமான் பாதிகூட இல்லை. ஊரிலிருந்து ஒருத்தர் அந்தப் பக்கம் போகிறார் என்றால், அங்கே மகனோ மருமகனோ இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வரும். வாங்க மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. ஏழு பொட்டலம் வந்திருந்தன. கருவாடு, அதிரசம், புளி, ஒருத்தர் வீட்டு வேப்பம்பூ. அத்தையின் துணி, இரண்டு புத்தகம், அம்மா தையல்காரரிடம் தைத்து வாங்கிய இரண்டு வெள்ளை உடுப்பு, அம்மா இடித்த பருப்புப்பொடி, கொஞ்சம் ஊறுகாய். அவ்வளவுதான்.

ஒரு வேனில் பதினான்கு பேர் கிளம்பினோம். போகிறவள் ஒருத்தி, அனுப்பப் போகிறவர்கள் பதின்மூன்று. பொட்டலம் கொடுத்த கோடி வீட்டு அம்மாவும், தன் பொட்டலம் பத்திரமாக விமானம் ஏறுகிறதா என்று பார்க்கத் தானே வந்துவிட்டார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. கும்பகோணத்தில் ஆங்கில மீடியம் பள்ளிக்கூடத்தில் ஏழாவது. வீட்டிலேயே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அத்தையும் நானும்தான் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேனில் அத்தையின் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து விமான டிக்கெட் ஒரு சின்னப் புத்தகம். உள்ளே சிவப்பு மை படிந்த மெல்லிய தாள்கள், பின்னால் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் நிபந்தனைகள். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்து முடித்தேன். கையில் இலவசமாக என்னென்ன கொண்டுபோகலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஒரு கைப்பை. ஒரு மேல்கோட்டு. ஒரு குடை அல்லது கைத்தடி. வழியில் குழந்தைக்குக் கொடுக்க உணவு. பயணத்தில் படிப்பதற்கு நியாயமான அளவு வாசிப்புப் பொருள்.

"மேல்கோட்டு எடுத்துக்கிட்டியா அத்தை?" என்று கேட்டேன். வேனே சிரித்தது. அம்மா, "டிக்கெட்ட கிழிச்சி வெச்சிடாதடி, குடுடி" என்று பிடுங்கி அத்தையிடம் கொடுத்தாள்.

திருச்சி விமான நிலையம் அப்போது சின்னது. பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நாங்களும் உள்ளே போகலாம். கவுண்டருக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் பயணிகள் வரிசை, இந்தப் பக்கம் அழுகிறவர்கள் வரிசை. கவுண்டரில் மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அதிகாரி இருந்தார். சிரிக்கவே தெரியாத முகம். அப்பா பெட்டியைத் தூக்கிவைக்கிறேன் என்று சொல்லித் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

பெட்டி ஏறியதும் எந்திரத்தில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. இருபத்தைந்து. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, நம்ம தராசும் இவங்க மிஷினும் ஒண்ணாச் சொல்லுது, ஒரு கிராம் வித்தியாசமில்ல" என்றார்.

"அஞ்சு கிலோ கூடுதல்" என்றார் அதிகாரி.

"அது பெட்டி சார். பெட்டிக்குக் கழிச்சுக்குங்க. சுத்தமா இருபது."

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "பெட்டி என்ன, பின்னாடி நடந்து வருமா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா விடவில்லை. "நெல்லு போடுறப்ப சாக்குக்குக் கழிக்கிறதில்லையா சார்?"

"இது நெல்லு இல்லீங்க. ஏரோப்ளேன். அது பெட்டியையும் சேத்துத்தான் தூக்கணும். ஒண்ணு, அஞ்சு கிலோவை இறக்குங்க. இல்ல, பணம் கட்டுங்க. முதல்ல எடை, அப்புறந்தான் டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம். அரை மணியில கவுண்டர மூடிடுவேன்."

பணம் எவ்வளவு என்று மாமா கேட்டுவந்து சொன்னார். பதின்மூன்று பேர் மடியைக் கொட்டினாலும் பாதி தேறாது.

பெட்டி கீழே இறங்கியது. நடு ஹாலில் வைத்துத் திறந்தோம். அப்பா தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையால் தூக்கித் தூக்கி எடை சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் போட்ட எடையைத் தப்பு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அன்றைக்கு ஊரார் முன்னால் ஒரு அதிகாரி சொல்லிவிட்டார். அதுவும் எடை சரியாக இருந்தபோதே சொல்லிவிட்டார். அப்பாவின் காது நுனி சிவந்திருந்தது. எனக்கு அந்த அதிகாரி மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

எங்கள் வீட்டுப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் முதலில் வெளியே வந்தன. ஒரு கிலோ. இன்னும் நாலு. கோடி வீட்டு அம்மா தன் பொட்டலத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். மற்ற ஆறு பொட்டலத்துக்கும் ஆள் வரவில்லையே தவிர, நம்பிக் கொடுத்தது நம்பிக் கொடுத்ததுதான். அதில் யாரும் கை வைக்கவில்லை.

அப்பா இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையில் தூக்கினார். "நாலு" என்றார்.

"இத விட்டுட்டுப் போம்மா. பின்னாடி தபால்ல அனுப்பிடலாம்" என்றார் மாமா.

"தபால் போய்ச் சேர எத்தன மாசம் ஆகும்? போய்ச் சேருமா?" என்று கேட்ட அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோளில் மாட்டியிருந்த பையிலும் இடம் இல்லை. அதையும் அந்த அதிகாரி எடை போட்டு, இதற்கு மேல் ஒரு ஊசி கூடாது என்று சொல்லியிருந்தார். அத்தை புத்தகங்களை அப்பா கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவிடம், "அண்ணி, அந்த வெள்ளை உடுப்பு ரெண்டையும் எடுத்துடுங்க. புடவையையும் எடுத்துடுங்க. கட்டுன துணியோட போறேன்" என்றாள்.

"ஏ, பைத்தியமா நீ? உடுப்பு இல்லாம ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவ?"

"அங்க குடுப்பாங்க. புத்தகம் இல்லாம நான் போகல அண்ணி."

அத்தை அழுகிற ஆள் இல்லை. செவிலி வேலை படிக்கிறவள் அழக் கூடாது என்று எனக்கு அடிக்கடி சொல்கிறவள். அன்றைக்கு அவள் கண்ணில் நீர் நின்றது. துணி மொத்தத்தையும் எடுத்தாலும் இரண்டு கிலோ தேறாது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். புத்தகம் இல்லாமல் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாமல் வேலை இல்லை. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அப்போதுதான் அந்தப் பொடி எழுத்து மண்டையில் பளிச்சென்று அடித்தது.

"அத்தை! டிக்கெட்ட குடு!"

வாங்கிக்கொண்டு ஓடினேன். தடுப்புக்குக் கீழே புகுந்து கவுண்டர் பலகையை எக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பைபிள் வாசகம் வாசிக்கிற ராகத்தில், குடை கைத்தடியிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரி வரை வாசித்தேன். மூச்சு வாங்கியது. "புத்தகம் ஃப்ரீ சார். உங்க டிக்கெட்லயே போட்டிருக்கு!"

அதிகாரி டிக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவரே இதுவரை அந்தப் பக்கத்தை வாசித்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

"யாரு பாப்பா நீ? வக்கீலுக்குப் படிக்கிறியா?"

"ஏழாவது சார்."

"ரீடிங் மேட்டர்னா வாரப் பத்திரிகை, நியூஸ் பேப்பர். அந்தா அந்தக் கடையில விக்குதே, அந்த மாதிரி. அங்க வாங்கி, அந்தக் கடைப் பையோட கையில வெச்சிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? இது ரெண்டும் செங்கல்லு." கடிகாரத்தைப் பார்த்தார். "இருவது நிமிஷம்."

அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பையோடு! அந்தப் பை கிடைத்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? என்ன முட்டாள் அதிகாரி, தன்னை ஏமாற்றுகிற வழியைத் தானே சொல்லிக்கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மூலையில் கண்ணாடி போட்ட பத்திரிகைக் கடை. கம்பியில் துணி காயப்போட்ட மாதிரி வாரப் பத்திரிகைகள் கிளிப்பில் தொங்கின. ஆங்கில நாவல்கள், பூட்டு, சீப்பு, பேனா. கழுத்துக் காலரில் கைக்குட்டை செருகிய ஒருவர் உள்ளே உட்கார்ந்து, நாங்கள் கிட்டே போகும் முன்பே "தொடாம பாருங்க" என்றார். அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது பை. ஆகாய விமானப் படம் போட்ட, கெட்டியான, அகலமான பிளாஸ்டிக் பை. கைப்பிடி என் சுண்டுவிரல் தடிமன்.

அம்மா அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகைகளைக் கீரைக்கட்டு பார்க்கிற மாதிரி கையில் எடுத்து, திருப்பி, ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். எது மெலிசு என்று தேடினாள்; எடை இருக்கக் கூடாதே. "இது நேத்து வந்ததா, இன்னிக்கு வந்ததா?" என்று வேறு கேட்டாள். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். குடும்பமே தவித்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், வண்ணப் படம் போட்ட ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். புது வாசனை. மூன்று பக்கம் வாசித்தும் விட்டேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளியபிறகுதான் விமான நிலையம் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரப் பத்திரிகை, ஒரு ஜோதிட மாத இதழ், மேலே போட்டு மூடுவதற்கு ஒரு ஆங்கிலப் பேப்பர். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் நாலையும் மெல்லிய காகித உறை ஒன்றில் போட்டு நீட்டினார்.

"இது வேணாம் தம்பி. அந்தப் பைய குடுங்க."

"அது பெரிய புத்தகம் வாங்குறவங்களுக்கும்மா."

"சரி, கொசுறு?"

"என்னது?"

"கொசுறு தம்பி, கொசுறு."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கொசுறா? இது என்ன காய்கறிக் கடையாம்மா?"

"கத்திரிக்கா விக்கிறவரு ஒரு கொத்து கறிவேப்பில போடுறாரு. மீன்காரம்மா ரெண்டு மீனு மேல போடுது. நாலு புத்தகம் வாங்குற வீட்டுக்கு ஒரு பை போட மாட்டீங்களா? வாங்குன பொருளோட வெறுமனே போனா உங்க கடைக்கு அழகா?"

என் அம்மா கொசுறு வாங்காமல் திரும்பிய கடை இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் கிடையாது. மருந்துக் கடையில் மாத்திரைக்கு மேல் ஒரு மிட்டாய் வாங்கியவள். அவர் சமாளித்துப் பார்த்தார். கீழே குனிந்து போன வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்து, "இந்தாங்க, இத வெச்சுக்குங்க கொசுறா" என்று நீட்டினார். அம்மா அதையும் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நல்லாயிருங்க. இப்ப பை?"

எங்களுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் பேப்பர் வாங்க நின்றுகொண்டிருந்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யோவ், அந்த அம்மாவுக்குக் குடுத்துத் தொலையேன்யா. எங்க எல்லார் ஃப்ளைட்டும் போயிடும் போலிருக்கு" என்றார். கடைக்காரர் ஆணியிலிருந்து பையைக் கழற்றினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மகராசியா போயிட்டு வாங்கம்மா" என்றார், போகிறவள் அம்மாதான் என்று நினைத்துக்கொண்டு.

பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே, கோவில் தேர் நிலைக்கு வந்தபோதுகூட யாரும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். தூணுக்குப் பின்னால் வைத்து நிரப்பினோம். அடியில் இரண்டு புத்தகம். பக்கவாட்டில் வாரப் பத்திரிகைகள். மேலே ஜோதிடம். அதற்கு மேலே ஆங்கிலப் பேப்பர், தலைப்புச் செய்தி வெளியே தெரிகிற மாதிரி. அப்பா தூக்கிப் பார்த்து, "நாலரை" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் மறுபடி களை வந்தது அப்போதுதான்.

பெட்டி மறுபடி எந்திரத்தில் ஏறியது. இருபது. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம்.

"சுத்தம்!" என்று அப்பா கூவினார், மில்லில் கூவுகிற அதே குரலில். ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அதிகாரி இப்போது டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கேட்டார். நான் தடுப்புக் கம்பியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டைப் புரட்டி, விசா ஒட்டியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு கையால் அத்தையின் பிளாஸ்டிக் பையைக் கிட்டே இழுத்தார். ஆங்கிலப் பேப்பரை விலக்கினார். ஜோதிடத்தை விலக்கினார். போச்சு, தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். திறந்தபோது பிரசவப் புத்தகம் அவர் கையில் இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். அதில் என்ன படம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பார்த்திருக்கிறேன். பட்டென்று மூடிவிட்டார். வெட்கப்பட்டுவிட்டார், அப்படித்தான் வேண்டும் என்று எனக்கு ஒரே குஷி.

"இதெல்லாம் படிச்சு முடிச்சுடுவீங்களா?" என்று கேட்டார்.

"முடிச்சுடுவேன் சார்" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நாலு மணி நேரப் பயணத்தில் இரண்டாயிரம் பக்கமா? பொய் சொல்வதென்றால் நம்புகிற மாதிரி ஒரு பொய்யைச் சொல்ல வேண்டாமா? இந்த அத்தைக்கு ஒரு சாமர்த்தியமும் போதாதே, கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். அவர் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்து, அதன் மேல் ஜோதிடம், அதன் மேல் ஆங்கிலப் பேப்பர் என்று அடுக்கினார். பேப்பரின் ஓரத்தைப் பையோடு சேர்த்து மடித்தும் விட்டார். "போங்கம்மா. லேட்டாயிடுச்சு" என்றார்.

அத்தை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், நாலரைக் கிலோப் பையை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கி எங்களுக்குக் காட்டினாள். நாங்கள் பதின்மூன்று பேரும் கத்தினோம். கோடி வீட்டு அம்மா குலவை போட்டார். காவலுக்கு நின்றவர் வந்து இது விமான நிலையம் என்று ஞாபகப்படுத்தும்படி ஆயிற்று.

திரும்பி வரும்போது வேனில் எனக்கு ஜன்னல் சீட்டு. தஞ்சாவூரில் மாமா எனக்கு மட்டும் இரண்டு புரோட்டா கூடுதலாக வாங்கிக்கொடுத்தார். அப்பா வழியெல்லாம், "அந்த வரிய இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நியாயமான அளவு, நியாயமான அளவு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஊரில் போய் இறங்கியதும் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஏழாவது படிக்கிற பிள்ளை இங்கிலீஷ்காரச் சட்டத்தைச் சொல்லி ஏரோப்ளேன் அதிகாரியை மடக்கிவிட்டதாம். ஒரு வாரத்துக்கு என்னை யாரும் தண்ணீர் எடுக்கக்கூட அனுப்பவில்லை. கர்வம் தலைக்கு ஏறி, தம்பியிடம் நான் ஆங்கிலத்தில்தான் சண்டை போட்டேன்.

அத்தையின் கடிதங்களில் பரீட்சை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் என்றாள், அதற்கடுத்த வருடமும் அப்படியே எழுதினாள். மூன்றாவது வருடக் கடைசியில் ஒரு புகைப்படம் வந்தது. வெள்ளை உடுப்பு, மார்பில் தொங்குகிற சின்னக் கடிகாரம், பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டில். பாஸ்! அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். எங்கள் வீடு காரை வீடானதும், நான் கல்லூரிக்குப் போனதும், தம்பி பட்டம் வாங்கியதும் எல்லாம் அந்தப் படத்துக்குப் பின்னால் வந்தவைதான். ஆகவே நான்தான் ஏற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது.

கல்யாணமாகி நான் பிரசவத்துக்கு வந்திருந்தபோது அத்தையும் விடுமுறையில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டே, ஏதோ மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: "மொத மூணு வருஷம் நான் ஆஸ்பத்திரியில இல்லடி. ஒரு வீட்ல வேலை."

ஏஜென்டால் வாங்க முடிந்தது அந்த விசாதான். வீட்டுப் பணிப்பெண். வேனில் ஏறும்போதே அவளுக்குத் தெரியும். நர்ஸ் பரீட்சை இருந்தது உண்மை. எழுதித் தேறினால் விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்பது பேருக்குச் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, சமையலறையில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். கடைசியில் அந்த வீட்டு அம்மாதான் பார்த்துவிட்டு, அவளே காரில் கூட்டிக்கொண்டுபோய்ப் பரீட்சை எழுத வைத்தாளாம்.

டிக்கெட்டின் பொடி எழுத்தைக்கூட விடாமல் வாசித்த நான் விசாவை வாசிக்கவில்லை. அது அரபியில் இருந்தது. "ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அண்ணன் அனுப்பியிருப்பாரா? நம்ம தெருவுல வீட்டு வேலைக்குப் போக ஆளா இல்ல?" என்றாள். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "ஒருத்தருக்குத் தெரியும். அந்தக் கவுண்டர்ல இருந்தாரே, அவருக்கு. தெனம் எத்தன விசா பாக்குறாரு! அந்தப் பக்கத்தையும் பாத்தாரு, என் புத்தகத்தையும் பாத்தாரு. அப்புறம்தான் கேட்டாரு, படிச்சு முடிச்சுடுவீங்களான்னு. பாஸான அன்னிக்கு மொதல்ல அவர்கிட்டதான்டி சொல்லணும்னு தோணுச்சு. பேர்கூடத் தெரியாது."

கம்பியில் ஏறி நின்றுகொண்டு நானும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அத்தை சொன்ன பதிலையும் கேட்டேன். விமானத்தில் படித்து முடிப்பதைத்தான் அவர் கேட்டார், அத்தை பொய் சொல்கிறாள் என்று நினைத்து, அதற்காக அவள்மேல் வீடு வந்து சேரும்வரை கோபமாகவும் இருந்தேன்.